மூட்டு மருத்துவர் காத்த மூளைகள்

மருத்துவ மாநாடுகளில் பொதுவாக ஒரு தொல்லை உண்டு. எங்கிருந்தோ ஒருவர் எதையாவது கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். கூடியிருப்பவர்கள் அதைப் பார்க்க வேண்டியதாகும். பார்த்தால் நம்ப வேண்டியதாகும். நம்பிவிட்டால் ஊருக்குத் திரும்பிப் போய் எதையாவது மாற்றவும் வேண்டியிருக்கும். இப்படி ஒரு சங்கடமும் யாருக்கும் நேராமல், மூளைச் சேதத்தைப் பற்றியே ஒரு பெரிய கூட்டத்தைக் கூட்டிக் கலைத்துக் காட்டிய பெருமை அமெரிக்காவின் என்எஃப்எல் கால்பந்து லீக்குக்கு உரியது.

நாள் 2007 ஜூன் 19. இடம் சிகாகோவின் ஓ'ஹேர் விமான நிலையத்தை ஒட்டிய ரோஸ்மான்ட். 32 அணிகளின் மருத்துவர்களும் வந்தே தீர வேண்டும் என்று லீக்கின் ஆணையர் ரோஜர் குடெல் சொல்லியிருந்தார். வந்தார்கள். லீக்கின் மூளைக்காயக் குழுவும் வந்தது. அந்தக் குழுவோடு ஒத்துப்போகாத ஆராய்ச்சியாளர்கள் சிலருக்கும் நாற்காலி போடப்பட்டது. அந்தப் பெருந்தன்மையை மறைக்கக் கூடாது. லீக்கில் ஆடி இறந்தவர்களின் மூளையைத் தன் கையால் அறுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இன்ன நோய் என்று எழுதிய ஒருவருக்கு மட்டும் அழைப்பு இல்லை. கரிசனம்தான் காரணம் என்று எடுத்துக்கொள்கிறேன். பிணவறை வேலையே தலைக்குமேல் கிடக்கும் மனிதரை விமானத்தில் ஏற்றி அலைக்கழிப்பானேன்?

அவர் பெயர் பென்னட் ஒமாலு. நைஜீரியாவில் பிறந்தவர். 2002இல் பிட்ஸ்பர்க் நகரம் அடங்கிய அலெகனி கவுன்ட்டியின் பிரேதப் பரிசோதனை அலுவலகத்தில் இருந்தார். அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. எல்லாக் குழப்பத்துக்கும் அதுதான் வேர். (நம் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்த ஆட்டத்தில் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும், நூறு கிலோவுக்கு மேற்பட்ட ஆட்கள் கவசம் போட்ட தலையோடு ஒருவரை ஒருவர் முட்டித் தள்ளுவார்கள்.) விவரம் தெரிந்தவராக இருந்திருந்தால், அந்தச் செப்டம்பரில் மேசைமேல் கிடந்த மைக் வெப்ஸ்டரின் உடலுக்கு முன்னால் ஒரு நிமிடம் தலைகுனிந்து நின்றுவிட்டு, மாரடைப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார்.

வெப்ஸ்டர் சாதாரண ஆள் இல்லை. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் நடு ஆட்டக்காரர். பந்தைப் பின்னால் தள்ளிக் கொடுத்த மறுகணமே எதிராளியின் தலையில் தன் தலையைக் கொண்டுபோய் மோத வேண்டிய இடம் அது. அந்த வேலையைப் பதினேழு பருவங்கள் பார்த்து, லீக்கின் உச்சப் போட்டியான சூப்பர் பௌலில் 4 வெற்றிகளில் பங்கு பெற்றார். 1997இல் ஒஹையோவிலுள்ள புகழ் மண்டபத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அந்த மண்டபத்தில் வைப்பது தலையை மட்டும்தான், அதுவும் வெண்கலத்தில். எத்தனை மோதலையும் தாங்கும். மனிதத் தலைக்குரியவர் கடைசி ஆண்டுகளில் தன் பிக்கப் வண்டியிலும் ரயில் நிலையத்திலும் படுத்துத் தூங்கினார். விழுந்த பல்லைச் சூப்பர் குளூ போட்டு ஒட்டிக்கொண்டார். இறக்கும்போது வயது 50.

ஒமாலு மூளையை எடுத்துப் பார்த்தார். வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒழுங்காக இருந்தது. பண்புள்ளவர் அங்கேயே கத்தியைக் கழுவி வைத்திருப்பார். இவர் அதை ஃபார்மலினில் ஊறப்போட்டார். மூளை இறுகுவதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், காத்திருந்தார். பிறகு துண்டு போட்டு, மெழுகில் பதித்து, மயிரிழையைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி ஸ்லைடு ஸ்லைடாகத் தயார் செய்ய வைத்தார். செலவு அவருடைய சொந்தப் பணம். சம்பளத்தைக் கொண்டுபோய் செத்தவர் மூளையில் போடுகிற ஆளை எந்த மாநாட்டில் உட்கார வைப்பது?

ஸ்லைடில் அவர் பார்த்தது டாவ். நரம்புச் செல்லுக்குள் ஓடும் நுண்குழாய்களைக் கட்டிக் காக்கும் புரதம் அது. கழன்று திரிந்துபோனால் செல்லுக்குள்ளேயே சிக்கு விழுந்து தேங்கும். மறதி நோயால் இறக்கும் முதியவர்களின் மூளையில் இந்தச் சிக்கு ஒரு விதமாகப் பரவியிருக்கும். ஐம்பது வயது வெப்ஸ்டரின் மூளையில் வேறு விதமாகப் பரவியிருந்தது. குத்துச்சண்டைக்காரர்களிடம் இப்படியொரு சீர்கேட்டை உலகம் முன்பே அறியும். நியூஜெர்ஸியின் பிரேதப் பரிசோதனை அதிகாரி ஹாரிசன் மார்ட்லண்ட் 1928லேயே அதைப் பற்றி எழுதினார். 1973இல் இங்கிலாந்தில் கோர்செல்லிஸ் என்பவரும் கூட்டாளிகளும் 15 குத்துச்சண்டைக்காரர்களின் மூளைகளைப் பரிசோதித்து விவரித்தார்கள். தொடர்ந்து தலையில் அடிபடுவதால் வரும் மூளைச்சிதைவு; மருத்துவர்கள் சி.டி.இ. என்பார்கள். கைமுட்டியால் வருவது தலைக்கவசத்தாலும் வரும் என்பதுதான் ஒமாலு சேர்த்துச் சொன்னது. 2005இல் ‘நியூரோசர்ஜரி’ இதழில் சக மருத்துவர்களோடு சேர்ந்து அதை வெளியிட்டார். லீக் தனக்கு நன்றி சொல்லும் என்று அவர் எதிர்பார்த்தாராம்! எவ்வளவு வெள்ளந்தி.

லீக் நன்றியைவிடப் பெரிய மரியாதையைச் செய்தது. கட்டுரையைத் திரும்பப் பெறுங்கள், இல்லாவிட்டால் அடியோடு திருத்துங்கள் என்று 2006இல் அதே இதழுக்குக் கடிதம் எழுதியது. கையெழுத்திட்டவர்கள் மூன்று பேர், மூவரும் லீக்கின் குழுவைச் சேர்ந்தவர்கள். ஒருவர் நரம்பியல் மருத்துவர், ஒருவர் மோதல் விசையை அளக்கும் பொறியாளர், ஒருவர் மூட்டுவாத மருத்துவர். மூளைத் திசுவை மைக்ராஸ்கோப்பில் படிப்பதையே தொழிலாகக் கொண்டவர் மூவரில் ஒருவரும் இல்லை. தீர்ப்புச் சொல்பவருக்கு விருப்பு வெறுப்பு கூடாது என்பார்கள். பழக்கமே இல்லாத இடத்தில் விருப்பு எது, வெறுப்பு எது?

அந்த மூட்டுவாத மருத்துவர்தான் எலியட் பெல்மன், நியூயார்க் ஜெட்ஸ் அணியின் மருத்துவர். 1994இல் அன்றைய ஆணையர் பால் டாக்லியபூ மூளைக்காயக் குழுவை அமைத்தபோது தலைமைப் பொறுப்பை அவரிடம் கொடுத்தார். 2007 தொடக்கம் வரை அவரே தலைவர். மூளைக்கு மூளை மருத்துவரை நியமிப்பது எந்த முட்டாளுக்கும் தோன்றும் யோசனை. முழங்காலும் தோள்பட்டையும் அறிந்தவரை மூளைக்கு நியமிக்க, அசாத்திய ஞானம் வேண்டும். தலை என்பது கழுத்து என்ற மூட்டின்மேல் உட்கார்ந்திருப்பதுதானே.

அவர் காலத்தில் குழு சும்மா இருக்கவில்லை. லீக்கின் மூளை அதிர்ச்சிகளைப் பற்றி ‘நியூரோசர்ஜரி’ இதழில் வரிசையாகக் கட்டுரைகள் வந்தன, மொத்தம் 16. இதழின் ஆசிரியர் நியூயார்க் ஜெயன்ட்ஸ் அணிக்கு ஆலோசகர் என்பதால் வீட்டுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த நிம்மதி இரண்டு பக்கமும் இருந்தது. அடிபட்ட ஆட்டக்காரரை அதே ஆட்டத்தில் மறுபடி இறக்கினாலும் பெரிய ஆபத்தில்லை என்றது ஒரு கட்டுரை. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஆட்டக்காரர்களிடம் நாள்பட்ட மூளைச்சேதத்தின் அறிகுறியே இல்லை என்றது இன்னொன்று. ஆய்வுக் காலம் 1996 முதல் 2001 வரை. ஆய்வுக்கு உட்பட்டவர்கள் அப்போது களத்தில் ஓடிக்கொண்டிருந்தவர்கள். ஓய்வு பெற்றுப் பத்து இருபது ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டும் நோயை, ஓடிக்கொண்டிருப்பவர்களிடம் தேடி, இல்லை என்று கண்டுபிடித்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பது போதுமான சோறு இல்லாதவர்கள் கட்டிவிட்ட பழமொழி. 16 கட்டுரை சோறு இருந்தால் தாராளமாக மறைக்கலாம்.

அந்த ஆறு பருவங்களின் கணக்கேடும் போற்றத்தக்கது. மருத்துவர்கள் உறுதி செய்த மூளை அதிர்ச்சிகளில் நூறுக்கு மேற்பட்டவை அதில் ஏறவே இல்லை என்று 2016இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழ் தேடிப் பிடித்து எழுதியது. எல்லா அணிகளும் விவரம் தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை என்று லீக் விளக்கியது. டாலஸ் அணியின் பெயருக்கு நேரே ஆறு பருவங்களுக்கும் பூஜ்யம். அதே ஆண்டுகளில் அந்த அணியின் நட்சத்திரம் டிராய் எய்க்மன் மூளை அதிர்ச்சியோடு களத்திலிருந்து வெளியேறியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்திருந்தது. டாலஸின் தண்ணீரில் ஏதோ சத்து இருக்க வேண்டும்.

இன்னொரு புண்ணியத்தையும் சொல்லாமல் விட முடியாது. லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் சேர்ந்து நடத்தும் ஓய்வூதிய வாரியம், வெப்ஸ்டர் நிரந்தரமாகச் செயலிழந்துவிட்டார், ஆட்டத்தில் தலையில் பட்ட அடிகளே காரணம் என்று 1999லேயே ஏற்றுக்கொண்டது. ஒமாலு ஸ்லைடு போடுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு. அதே லீக்கின் மருத்துவக் குழுவோ அடிக்கும் சேதத்துக்கும் தொடர்பு நிரூபணமாகவில்லை என்று ஆண்டாண்டாகச் சொல்லிவந்தது. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்ற அறத்தை இவ்வளவு சுத்தமாகக் கடைப்பிடித்த நிறுவனம் வேறு இருக்குமா, தெரியவில்லை.

ரோஸ்மான்டுக்கு வருவோம். ஒமாலு இல்லாததால் அவருடைய படங்களை ஜூலியன் பெய்ல்ஸ் எடுத்துக் காட்டினார். பெய்ல்ஸ் மூளை அறுவை மருத்துவர். ஸ்டீலர்ஸ் அணிக்கே முன்பு மருத்துவம் பார்த்தவர். அதற்குள் வெப்ஸ்டரோடு டெரி லாங், ஆண்ட்ரே வாட்டர்ஸ் போன்ற ஆட்டக்காரர்களின் மூளைகளும் சேர்ந்திருந்தன. திரையில் பழுப்பு நிறச் சிக்குகள் தெரிந்தன. கெவின் கஸ்கெவிச் என்ற ஆய்வாளரும் கூட்டத்தில் இருந்தார். ஓய்வு பெற்ற ஆட்டக்காரர்கள் 2,500க்கும் மேற்பட்டோரைக் கேட்டு, மூன்று முறையோ அதற்கு மேலோ மூளை அதிர்ச்சி கண்டவர்களிடம் அறிவாற்றல் குறைபாடு ஐந்து மடங்கு அதிகம் என்று 2005இல் வெளியிட்டவர். இவ்வளவும் முன்னால் வைக்கப்பட்டன. கடிதத்தில் கையெழுத்திட்ட அந்த நரம்பியல் மருத்துவர், இப்போது குழுவின் இணைத்தலைவராகியிருந்த ஐரா கேஸன், அசையவில்லை. துணுக்குச் சம்பவங்கள் அறிவியல் ஆகாது என்ற நிலையில் உறுதியாக நின்றார்.

இந்த உறுதியின் அருமை, நோயின் இயல்பு தெரிந்தால்தான் விளங்கும். உயிரோடு இருப்பவரிடம் சி.டி.இ.யை உறுதி செய்ய வழியில்லை. ரத்தம் எடுத்தோ ஸ்கேன் எடுத்தோ தீர்ப்புச் சொல்ல முடியாது; இறந்தபின் மூளையை எடுத்துச் சீவினால்தான் உண்டு. ஆகவே ஒவ்வொரு சான்றும் ஒரு சாவு. ஒவ்வொரு சாவும் ஒரு சம்பவம். சம்பவம் அறிவியல் ஆகாது. போதுமான சான்று வரும்வரை பொறுத்திருப்போம் என்றால், போதுமான பேர் சாகும்வரை பொறுத்திருப்போம் என்று பொருள். அதைச் சொல்ல எவ்வளவு நிதானம் வேண்டும்! இத்தனைக்கும் கேஸன் விவரம் தெரியாதவரும் இல்லை. 1984இல் குத்துச்சண்டைக்காரர்களின் மூளைச்சேதத்தைப் பற்றி அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த முக்கியமான கட்டுரையின் முதல் ஆசிரியர் அவரே. தெரியாதவன் மறுப்பதில் என்ன சாமர்த்தியம் இருக்கிறது? கூட்டத்துக்கு முந்தைய மாதம் தொலைக்காட்சிப் பேட்டியில், தலையடிக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு உண்டா, மறதி நோய்க்கு உண்டா என்று அடுக்கிக்கொண்டே போனபோது ஒவ்வொன்றுக்கும் இல்லை, இல்லை என்றே பதில் சொன்னார். ‘டாக்டர் நோ’ என்ற பட்டம் அதற்காகக் கிடைத்தது.

கூட்டம் கலைந்தது. பலன் இல்லாமல் போகவில்லை: அந்த ஆகஸ்டில் ஆட்டக்காரர்கள் கையில் ஒரு துண்டுப்பிரசுரம் கொடுத்தார்கள். ஒன்றிரண்டுக்கு மேல் மூளை அதிர்ச்சி வந்தாலும், ஒவ்வொன்றையும் சரியாகக் கவனித்தால் நிரந்தரப் பாதிப்பு வரும் என்று இதுவரையான ஆய்வு காட்டவில்லை என்று அதில் இருந்தது. பெய்ல்ஸ் காட்டிய படங்களைப் பார்த்துவிட்டு இந்த வாசகத்தை எழுத முடிந்ததே, அதைத்தான் திறந்த மனம் என்கிறேன். எதுவும் உள்ளே தங்காத அளவுக்குத் திறந்த மனம்.

இப்படிப்பட்ட சீரான ஏற்பாடு 2009இல் கொஞ்சம் கலைந்தது. லீக்கே பணம் கொடுத்து மிச்சிகன் பல்கலைக்கழகத்தைக் கொண்டு ஓய்வு பெற்றவர்களிடம் ஒரு கருத்தறியும் ஆய்வு நடத்தியது. 30 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களில் நினைவாற்றல் நோய் இருப்பதாகச் சொன்னவர்கள், அதே வயதுப் பொது ஆண்களைப்போல 19 மடங்கு. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான் போலும். அந்த அக்டோபரில் அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணையில் லிண்டா சான்செஸ் என்ற உறுப்பினர் லீக்கை சிகரெட் கம்பெனிகளோடு ஒப்பிட்டார். அடுத்த மாதம் கேஸனும், அவரோடு கடிதத்தில் கையெழுத்திட்ட அந்தப் பொறியாளரும் பதவி விலகினார்கள்.

இவ்வளவு நேர்த்தியைப் புகழ்ந்துவிட்டு, ஒரு கூட்டத்தை எப்படி நடத்தவே கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். 2015 பிப்ரவரியில் பாஸ்டனில் ஒன்று நடந்தது. ஏற்பாடு அரசின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள். அழைக்கப்பட்டு ஸ்லைடு படித்த மூளைத்திசு நோயியலர்கள் ஏழே பேர்; ஒருவருக்குக்கூட மூட்டுவாதத்தில் தேர்ச்சி இல்லை. வருவதற்கு முன்பே அவர்களுக்கு 25 மூளைகளின் படங்களைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். யாருடைய மூளை, என்ன வயது, ஆணா பெண்ணா, எந்த ஆட்டம் ஆடினார், என்ன அறிகுறி, எதுவும் சொல்லவில்லை. சி.டி.இ.யோடு அல்சைமர் உட்பட டாவ் தேங்கும் வேறு பல நோய்களையும் கலந்து வைத்திருந்தார்கள். படித்த மனிதர்களைப் பரீட்சைக்கு வந்த பிள்ளைகள்போல நடத்தியிருக்கிறார்கள். யார் மனம் கோணும், யார் சம்பளம் போகும் என்று ஊகிக்கக்கூட அவர்களுக்கு வாய்ப்பு விடவில்லை. வேறு வழியில்லாமல் பாவம், ஸ்லைடில் இருந்ததைச் சொன்னார்கள். பெரும்பாலும் ஒரே பதிலைச் சொன்னார்கள். மூளை மடிப்புகளின் பள்ளங்களில், சின்ன ரத்தக்குழாய்களைச் சுற்றி டாவ் தேங்கியிருந்தால் அது சி.டி.இ., வேறு நோய்களில் அப்படி இருப்பதில்லை என்று இலக்கணம் வகுத்துவிட்டுப் போனார்கள். இத்தனை ஆண்டுகள் கட்டிக் காத்த சந்தேகத்தை மூன்று நாளில் இப்படிச் செலவழிப்பதா?

அந்தக் கூட்டத்தில் முக்கியப் பங்கு வகித்த ஆன் மெக்கீ 2017இல் வெளியிட்ட ஆய்வில், லீக்கில் ஆடிய 111 பேரின் மூளைகளில் 110இல் சி.டி.இ. இருந்தது. இந்த எண்ணைப் பார்த்து ஆடியவர்கள் எல்லாருக்கும் நோய் என்று முடிவுகட்டக் கூடாது. கோளாறு இருக்கிறதென்று சந்தேகப்பட்ட குடும்பங்கள்தான் மூளையைத் தானம் கொடுக்கும். அதை மெக்கீயின் கட்டுரையே சொல்கிறது. தன் சான்றின் பலவீனத்தைத் தானே எழுதி வைக்கிற இந்தப் பழக்கத்தை எல்லாரிடமும் எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

பணத்தைப் பற்றியும் லீக்கைக் குறை சொல்வதற்கில்லை. வழக்குத் தொடுத்த ஆயிரக்கணக்கான முன்னாள் ஆட்டக்காரர்களோடு 2013இல் 76.5 கோடி டாலருக்குச் சமரசம் பேசியது. போதுமா என்று நீதிபதி சந்தேகப்பட்டதால் உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். 2015 ஏப்ரல் 22 அன்று நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது. அறிவாற்றல் சோதனையில் கறுப்பின ஆட்டக்காரர்களின் தொடக்க மதிப்பெண்ணே குறைவு என்று வைத்துக் கணக்கிட்டதால் அவர்கள் சரிவை நிரூபிப்பது கடினமாக இருந்தது; அதை நிறுத்துவதாக 2021இல் லீக் சொன்னது. சி.டி.இ.யோடு இறந்தவர் குடும்பத்துக்கு அதிகபட்சம் 40 லட்சம் டாலர். ஒரு சின்ன நிபந்தனை மட்டும்: அந்த ஏப்ரல் 22க்கு முன்பு இறந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு இறந்தவரின் மூளையில் அதே பள்ளத்தில் அதே டாவ் இருந்தாலும் அந்தத் தலைப்பில் பணம் கிடையாது. இருபது ஆண்டுகள் களத்தில் கடிகாரம் பார்த்தே ஆடியவர்கள், நேரத்தோடு முடித்துக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டாமா?

ஒப்புதல் கிடைத்துப் பதினோரு மாதம் சென்று, 2016 மார்ச் 14 அன்று வாஷிங்டனில் காங்கிரஸ் உறுப்பினர் ஜேன் ஷகாவ்ஸ்கி நேரடியாகக் கேட்டார்: கால்பந்துக்கும் சி.டி.இ. போன்ற நோய்களுக்கும் தொடர்பு உண்டா? மெக்கீயின் ஆய்வைச் சுட்டிக்காட்டி, நிச்சயமாக உண்டு என்றார் லீக்கின் மூத்த துணைத்தலைவர் ஜெஃப் மில்லர். வெப்ஸ்டர் இறந்து பதின்மூன்றரை ஆண்டுகளில் இந்த வார்த்தை வந்துவிட்டது. இவ்வளவு அவசரப்பட்டிருக்க வேண்டியதில்லை என்று லீக்கிலேயே பலருக்குத் தோன்றியிருக்கும். அடுத்த வாரமே ஓர் அணியின் உரிமையாளர், அப்படி ஒரு தொடர்பு நிரூபணமாகிவிட்டதாகச் சொல்வது அபத்தம் என்று நிருபர்களிடம் சொன்னார். அவர் ஜெர்ரி ஜோன்ஸ், டாலஸ்காரர். ஆறு பருவங்கள் ஒரு தலைக்குக்கூட அதிர்ச்சி வராத அணியை வைத்திருந்தவருக்குத் தெரியாதா?